சின்ன பப்ளிக் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல நாலு வருஷம் எப்படி இருக்கும்?

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அமெரிக்காவுல ஒரு மாநில அரசோட சின்ன காலேஜ்ல பிசிக்ஸ் படிக்க இடம் கிடைச்சிருக்கு, மொத்தமே ஆயிரத்து ஐநூறு பேர்தான், ஊரும் சின்னது, வீட்ல யாரும் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்ல, மாமா "பேர் தெரியாத காலேஜுக்கு எதுக்கு இவ்ளோ செலவு"ன்னு கேக்கறார், அங்க அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும், இதுதானே கேள்வி. நான் அந்த மாதிரி ஒரு காலேஜ்லதான் நாலு வருஷம் படிச்சேன், அப்புறம் வேற மாநிலத்துல அதே மாதிரி ஒரு சின்ன காலேஜ்ல வெளிநாட்டுப் பசங்களைப் பாத்துக்கற ஆபீஸ்ல சில வருஷம் வேலை பாத்தேன், ரெண்டு பக்கத்துல இருந்தும் பாத்ததை சொல்றேன், நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு மனசுல போட்டுக்கோங்க. அங்க ஒளிஞ்சுக்க முடியாது. நான் சொல்லப்போற மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது.

இந்த மாதிரி காலேஜுங்க ஒரு தனி ரகம். அமெரிக்காவுல அரசு யூனிவர்சிட்டின்னா நம்மாளுங்களுக்கு முப்பதாயிரம் நாப்பதாயிரம் பேர் படிக்கற பெரிய இடம்தான் ஞாபகம் வரும், லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்னா, அதாவது ஒரே துறையோட நிக்காம கலை, அறிவியல் எல்லாம் கலந்து படிக்கற காலேஜ்னா, பணக்கார பிரைவேட் காலேஜ்தான் ஞாபகம் வரும். ரெண்டுக்கும் நடுவுல, அரசு நடத்தற சின்ன கலை அறிவியல் காலேஜுங்க கொஞ்சம் இருக்கு. அவங்களுக்கு கோப்லாக்னு ஒரு கூட்டமைப்பே இருக்கு, 1987-ல நார்த் கரோலினாவுல ஆஷ்வில் ஊர்ல ஆரம்பிச்சது. மினசோட்டாவுல மாரிஸ், மிசௌரியில ட்ரூமன் ஸ்டேட், நியூயார்க்ல ஜெனிசியோ, மேரிலாந்துல செயின்ட் மேரிஸ், அலபாமாவுல மான்டிவாலோ, ஒக்லஹோமாவுல சயின்ஸ் அண்ட் ஆர்ட்ஸ் யூனிவர்சிட்டின்னு பேரே வெச்சிருக்கற ஒண்ணு, இதெல்லாம் அந்த வகை. நிறைய இடம் டீச்சர் ட்ரெய்னிங் ஸ்கூலாவோ பெண்கள் காலேஜாவோ ஆரம்பிச்சு அப்புறம் மாறினது. மாரிஸ் கதை இன்னும் கனமானது, அந்த இடம் 1887-ல அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைங்களுக்கான போர்டிங் ஸ்கூலா இருந்தது, 1909-ல மத்திய அரசு அதை மாநிலத்துக்குக் கொடுத்தப்ப பழங்குடி மாணவர்கள் கிட்ட டியூஷன் ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை போட்டாங்க, அது இன்னைக்கு வரைக்கும் நடைமுறையில இருக்கு. கொலராடோவுல ஃபோர்ட் லூயிஸ் காலேஜ்லயும் இதே மாதிரிதான். அதனால அங்கெல்லாம் போனா உங்க கிளாஸ்ல பழங்குடிப் பசங்க கணிசமா இருப்பாங்க, பெரிய யூனிவர்சிட்டிக்குப் போன என் ஃப்ரெண்ட்ஸ் நாலு வருஷத்துல ஒருத்தரைக் கூட சந்திக்கல, எனக்கு அந்த நட்புதான் அந்த நாட்டைப் பத்தி நிறைய புரிய வெச்சது. உங்க காலேஜ் எப்படி ஆரம்பிச்சதுன்னு போறதுக்கு முன்னாடி படிச்சுட்டுப் போங்க, இருக்கப்போற இடத்தோட கதை தெரிஞ்சிருக்கணும்.

இப்ப கிளாஸுக்கு வரேன், ஏன்னா நாம போறதே அதுக்குத்தான். இருபது பேர் கிளாஸ்தான் சாதாரணம், மேல போகப்போக எட்டு பேர், ஆறு பேர்னு குறையும், பிசிக்ஸ்ல மூணாவது வருஷம் குவாண்டம் மெக்கானிக்ஸ் கிளாஸ்ல நாங்க அஞ்சே பேர். பாடம் எடுக்கறது புரொஃபசரே, பெரிய யூனிவர்சிட்டியில மாதிரி பிஹெச்டி பண்ற ஸ்டூடன்ட் வந்து லேப் நடத்தற வழக்கம் கிடையாது, ஏன்னா பெரும்பாலும் அங்க பிஹெச்டியே கிடையாது. அஞ்சு பேர் கிளாஸ்ல ஹோம்வொர்க் பண்ணாம போய் உக்காந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அவங்க திட்ட மாட்டாங்க, "நீ என்ன நினைக்கற"ன்னு கேப்பாங்க, நீங்க ஒண்ணும் நினைக்கலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். முதல் வருஷம் நவம்பர்ல ஒரு நாள் காலை எட்டு மணி கிளாஸுக்கு போகாம தூங்கிட்டேன், மத்தியானம் சாப்பாட்டு ஹால்ல ட்ரேயைத் தூக்கிட்டு திரும்பறேன், எதிர்ல அந்த புரொஃபசரம்மா நிக்கறாங்க, "காலைல காணோமே, உடம்பு சரியில்லையா"ன்னு நிஜமான அக்கறையோட கேட்டாங்க. பொய் சொல்ல வாய் வரல. அப்புறம் அந்த கிளாஸை நான் ஒரு நாளும் விட்டதில்ல.

நம்ம ஊர்ல படிச்சுட்டுப் போற பசங்க தடுமாறற இடம் எதுன்னா பேசறது. பன்னெண்டாவது வரைக்கும் வாயை மூடிட்டு நல்லா எழுதினா போதும், அங்க பேசறதுக்கே மார்க், நிறைய கிளாஸ்ல பத்துல இருந்து இருபது சதவீதம் வரைக்கும் பங்கேற்புக்குன்னு சிலபஸ்லயே போட்டிருப்பாங்க. சிலபஸ்னா பாடத்தலைப்பு லிஸ்ட் இல்ல, அது ஒரு ஒப்பந்தம் மாதிரி, என்னைக்கு எந்த அசைன்மென்ட், லேட்டா கொடுத்தா எவ்ளோ குறையும், எத்தனை நாள் லீவு போடலாம்னு முழுக்க இருக்கும், முதல் நாளே எல்லா சப்ஜெக்ட்டோட தேதியையும் ஒரே காலண்டர்ல எழுதிடுங்க. ஆபீஸ் அவர்ஸ்னு வாரத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் புரொஃபசர் கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க, அதுக்குப் போகணும். நம்ம பசங்க "டவுட் இருந்தா போலாம்"னு நினைச்சுட்டு டவுட்டே வராத மாதிரி இருந்துடுவாங்க. இல்ல தம்பி, டவுட் இல்லைன்னாலும் போங்க, அவங்க என்ன ஆராய்ச்சி பண்றாங்கன்னு கேளுங்க, கோடையில லேப்ல ஆள் வேணுமான்னு கேளுங்க. மேல்படிப்புக்கு உங்களைப் பத்தி லெட்டர் எழுதப்போறது அவங்கதான், முந்நூறு பேர்ல ஒருத்தன்னு எழுதற லெட்டருக்கும் நாலு வருஷம் கூடவே பாத்து எழுதற லெட்டருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, பெரிய காலேஜை விட இங்க உங்களுக்கு கிடைக்கற பெரிய சொத்து அந்த லெட்டர்தான்.

ஆராய்ச்சின்னு சொன்னேன்ல, அது இங்க வெறும் அலங்காரம் இல்ல. இளங்கலைப் பசங்க தங்களோட ஆராய்ச்சியை வந்து சொல்றதுக்கு ஒரு தேசிய மாநாடு வருஷா வருஷம் நடக்குது, அதோட முதல் கூட்டம் 1987-ல ஆஷ்வில் காலேஜ்லதான் நடந்துச்சு. பிஹெச்டி ஸ்டூடன்ட் இல்லாததால மெஷினைத் தொடற வாய்ப்பு உங்களுக்கு ரெண்டாவது வருஷமே வந்துடும். நிறைய இடத்துல கடைசி வருஷம் ஒரு பெரிய ப்ராஜெக்ட், செயின்ட் மேரிஸ்ல அதுக்கு செயின்ட் மேரிஸ் ப்ராஜெக்ட்னே பேர். ஆனா ஒரு விஷயம் யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க, அமெரிக்க அரசோட என்.எஸ்.எஃப்ங்கற தேசிய அறிவியல் அமைப்போட பணத்துல, இளங்கலைப் பசங்களுக்காக நடக்கற ஆர்.இ.யு கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்கள் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வெச்சிருக்கறவங்களுக்கும்தான், உங்களுக்கு கிடையாது. கூடப் படிக்கற பசங்க எல்லாம் ஜனவரியில அப்ளை பண்ணும்போது நீங்க மட்டும் முழிச்சுட்டு நிப்பீங்க, அதனால உங்க காலேஜே சொந்தப் பணத்துல கோடையில ஆராய்ச்சிக்கு எவ்ளோ கொடுக்குது, வெளிநாட்டுப் பசங்களுக்கும் உண்டான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க.

மார்க் விஷயத்துல எல்லா இடமும் ஒண்ணு இல்ல. பெரும்பாலும் ஏ, பி, சி, நாலுக்கு இத்தனைன்னு ஜிபிஏ தான். வாஷிங்டன் மாநிலத்துல எவர்கிரீன்னு ஒரு அரசு காலேஜ், 1971-ல திறந்தது, அங்க கிரேடே கிடையாது, புரொஃபசர் ஒவ்வொரு மாணவருக்கும் பத்தி பத்தியா எழுதிக் கொடுப்பாங்க, மாணவரும் தன்னைப் பத்தி எழுதணும். கேக்க நல்லா இருக்கும், ஆனா அந்த மதிப்பீட்டை இந்தியாவுக்குத் திரும்பி வந்து ஒரு ஆபீஸ்ல காட்டும்போது சதவீதம் எங்கன்னு கேப்பாங்க, திரும்பற எண்ணம் இருக்கறவங்க அதை யோசிச்சுக்கணும். இன்னொண்ணு, உங்க பட்டத்துல பி.ஏ. பிசிக்ஸ்னு இருக்கலாம். பதறாதீங்க, அங்க பி.ஏ.வுல பிசிக்ஸ், பி.ஏ.வுல கணக்கு எல்லாம் சகஜம், எங்க பாட்டி "சயின்ஸ் படிக்கப் போயிட்டு ஏன்டா பி.ஏ. வாங்கிட்டு வந்த"ன்னு ரொம்ப நாள் வருத்தப்பட்டாங்க, அதுக்காக சொல்றேன். மாமாவுக்கும் இப்பவே விளக்கிடுங்க.

அப்புறம் பிசிக்ஸ் மட்டும் படிக்க விட மாட்டாங்க. வழக்கமா 120 கிரெடிட், அதுல மேஜருக்கு, அதாவது உங்க முக்கியப் பாடத்துக்கு, மூணுல ஒரு பங்கு இல்ல கொஞ்சம் கூட, மீதியில வரலாறு, இலக்கியம், ஒரு கலை, ஒரு அந்நிய மொழி, சமூகவியல்னு சுத்தி வரணும். இதை வேஸ்ட்டுன்னு நினைக்கற பையன் அங்க போகக் கூடாது, நான் வெளிப்படையா சொல்றேன். எனக்கு செராமிக்ஸ் கிளாஸ் கட்டாயமா வந்து விழுந்தது, மண்ணு பிசையறதுக்கா கடல் தாண்டி வந்தோம்னு முதல் வாரம் நொந்துக்கிட்டேன், ஆனா வாரத்துல என் மூளை ஓய்வெடுத்த ஒரே நேரம் அதுதான்னு டிசம்பர்ல புரிஞ்சுது, இப்பவும் நான் செஞ்ச கோணல் கிண்ணம் ஒண்ணு மேஜை மேல இருக்கு. எழுத வராதவங்களுக்கு ரைட்டிங் சென்டர்னு ஒண்ணு இருக்கும், சீனியர் பசங்களே உக்காந்து உங்க கட்டுரையைப் படிச்சு சொல்லுவாங்க, ஃப்ரீ, அங்க போறது கௌரவக் குறைச்சல் இல்ல. ஆனா எங்க இருந்து எடுத்தோம்னு சொல்லாம ஒரு பத்தியைத் தூக்கிப் போட்டீங்கன்னா அது திருட்டு, நம்ம ஊர் ரெக்கார்டு நோட்டு காப்பி அடிக்கற பழக்கத்தை விமானத்துலயே விட்டுட்டுப் போங்க, விளையாட்டா பண்ணி ஒரு செமஸ்டரையே இழந்த பசங்களை ஆபீஸ்ல நான் எதிர்ல உக்கார வெச்சு பாத்திருக்கேன்.

சின்ன காலேஜோட பெரிய பிரச்சனை எதுன்னு கேட்டா நான் பனியையோ சாப்பாட்டையோ சொல்ல மாட்டேன், டைம்டேபிளைத்தான் சொல்லுவேன். டிபார்ட்மென்ட்ல மூணு நாலு புரொஃபசர்தான், அதனால மேல் வருஷ கோர்ஸ் எல்லாம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நடக்கும், உதாரணத்துக்கு எலக்ட்ரோமேக்னடிசம் இந்த வருஷம் விட்டுட்டீங்கன்னா அடுத்தது ரெண்டு வருஷம் கழிச்சு. ஒரு புரொஃபசர் ஆராய்ச்சி லீவுல போயிட்டா அவரோட சப்ஜெக்ட்டே அந்த வருஷம் இல்ல. நான் முதல் வருஷம் கால்குலஸ் ரெண்டாவது பாகத்தைத் தள்ளிப் போட்டேன், ஒரு சாதாரண விஷயம்னு நினைச்சு, அது மூணாவது வருஷம் வரைக்கும் தொரத்திச்சு, கடைசியில புரொஃபசர் ஒருத்தர் தன் சொந்த நேரத்துல எனக்கும் இன்னொரு பையனுக்கும் மட்டும் ஒரு கோர்ஸைத் தனியா நடத்தினதாலதான் நேரத்துக்கு முடிச்சேன். ரெண்டு பேருக்காக ஒரு முழு கோர்ஸ். பெரிய யூனிவர்சிட்டியில இப்படி ஒண்ணு நடக்கறதை நான் கேள்விப்பட்டதில்ல, ஆனா அந்த நிலைமையே பெரிய யூனிவர்சிட்டியில வந்திருக்காது, ஏன்னா அங்க அதே கோர்ஸ் வருஷா வருஷம் நடக்கும். ரெண்டையும் சேத்துதான் பாக்கணும்.

தங்கறது பெரும்பாலும் காலேஜ் ஹாஸ்டல்தான், டார்ம்னு சொல்லுவாங்க, முதல் வருஷம் கட்டாயமாவே இருக்கும். ஒரு ரூம்ல ரெண்டு பேர். ஒவ்வொரு மாடிக்கும் ஆர்.ஏ.ன்னு ஒரு சீனியர் மாணவர் பொறுப்பா இருப்பாங்க, ரூம்மேட்டோட எத்தனை மணிக்கு லைட் அணைக்கறது, யாரைக் கூட்டிட்டு வரலாம்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்குவாங்க, சின்னப் பிள்ளைத்தனமா தெரியும், பின்னாடி அதான் காப்பாத்தும். ஒரு தடவை நான் காமன் கிச்சன்ல கடுகு தாளிச்சேன், புகை கிளம்பி ஃபயர் அலாரம் அடிச்சு நூத்தம்பது பேர் ராத்திரி பதினொரு மணிக்குப் பனியில செருப்போட நின்னாங்க, ஃபயர் சர்வீஸ் வண்டி வந்துடுச்சு. மறுநாள் காலேஜ் முழுக்க என் பேர் தெரியும். அவ்ளோ சின்ன இடம். ஆனா யாரும் கோவிச்சுக்கல, அடுத்த வாரமே நாலு பேர் வந்து அந்த வாசனை என்னதுன்னு கேட்டாங்க, அவங்களுக்கு ரசம் வெச்சுக் கொடுத்தேன், அதுல ஒருத்தன் இன்னைக்கும் எனக்கு ரொம்ப நெருக்கமான நண்பன்.

எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்ங்கறதுல வலிக்கற பக்கமும் இருக்கு. ஃப்ரெண்டோட சண்டை போட்டா ஒதுங்கிப் போக இடமே இல்ல, அதே சாப்பாட்டு ஹால், அதே லைப்ரரி, அதே கிளாஸ். காதல் முறிஞ்சா நிலைமை இன்னும் மோசம். தமிழ் பேச ஆளே இல்லாம போகலாம், என் பேட்ச்ல தமிழ்ப் பையன் நான் மட்டும்தான், இந்தியாவுல இருந்து வந்தவங்களே ஆறேழு பேர். முதல் ரெண்டு மாசம் ராத்திரி கனவுல மட்டும்தான் தமிழ் கேட்டேன். தனிமை வந்தா மறைக்காதீங்க, கவுன்சலிங் சென்டர் இருக்கும், பெரும்பாலும் தனியா காசு கேக்க மாட்டாங்க, போறது யாருக்கும் தெரியாது. குளிர் மாநிலமா இருந்தா டிசம்பர்ல நாலரை மணிக்கே இருட்டிடும், வெயில்ல வளந்த நமக்கு அது மனசை அமுக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா "நமக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னு பயப்பட மாட்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைப் பத்தியும் சொல்லணும். சின்ன அரசு காலேஜ்ல பெரும்பாலான பசங்க அதே மாநிலத்துக்காரங்க, ரெண்டு மூணு மணி நேர தூரத்துல வீடு. வெள்ளி மத்தியானம் கார் எடுத்துட்டுப் போயிடுவாங்க, கேம்பஸ் காலியாயிடும், ஞாயிறு ராத்திரிதான் திரும்பி வருவாங்க. ஊர்ல பஸ் இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான். மாரிஸ் ஊரையே எடுத்துக்கோங்க, ஐயாயிரம் சொச்சம் ஜனத்தொகை, மினியாபோலிஸ் போக கார்ல கிட்டத்தட்ட மூணு மணி நேரம், சுத்திலும் சோள வயலும் காலேஜோட ரெண்டு பெரிய காத்தாலையும்தான். தேங்க்ஸ்கிவிங் லீவு, கிறிஸ்துமஸ் லீவுல சாப்பாட்டு ஹாலை மூடிடுவாங்க, சில இடத்துல டார்மையே மூடுவாங்க, எங்க போறதுன்னு அக்டோபர்லயே யோசிக்கணும். ஆனா இதுலதான் சின்ன ஊரோட மனசு தெரியும், வெளிநாட்டுப் பசங்களைத் தங்களோட பண்டிகைக்குக் கூப்பிடற குடும்பங்கள் அங்க இருக்கும், ஆபீஸ்ல பேர் கொடுத்தா சேத்து விடுவாங்க. என்னைக் கூப்பிட்ட அந்த வயசான தம்பதி நாலு வருஷமும் என்னை விடல, பட்டமளிப்பு அன்னைக்கு எங்க அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்காம அவங்கதான் வந்து கை தட்டினாங்க.

நடக்கற விஷயங்கள் ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. ஊர்ல ஒண்ணும் இல்லாததாலயே பசங்களே எல்லாத்தையும் பண்ணுவாங்க. மான்டிவாலோவுல காலேஜ் நைட்னு ஒண்ணு 1919-ல இருந்து நடக்குது, மொத்த காலேஜும் ஊதா அணி, தங்க அணின்னு ரெண்டா பிரிஞ்சு, ஆளுக்கொரு இசை நாடகத்தை அவங்களே எழுதி, பாட்டுப் போட்டு, செட் கட்டி மேடை ஏத்துவாங்க. செயின்ட் மேரிஸ் ஆத்தங்கரையில இருக்கறதால பசங்க பாய்மரப் படகு ஓட்டுவாங்க, 2011-ல டார்ம்ல பூஞ்சை பிடிச்சுப் போய் இருநூறுக்கும் மேல பசங்களை அந்த ஆத்துலயே ஒரு சொகுசுக் கப்பலைக் கொண்டு வந்து நிறுத்தி மீதி செமஸ்டருக்குத் தங்க வெச்சாங்க, பல்லாயிரக்கணக்குல பசங்க இருக்கற இடத்துல அப்படி யோசிச்சிருக்கவே முடியாது. விளையாட்டுல ஜெனிசியோ, மாரிஸ், செயின்ட் மேரிஸ் எல்லாம் காலேஜ் விளையாட்டு சங்கமான என்.சி.ஏ.ஏ.வோட மூணாவது டிவிஷன், அங்க விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஆசைக்காகத்தான் ஆடுவாங்க, அதனால ஓரளவு ஆடத் தெரிஞ்சாலே டீம்ல முயற்சி பண்ணலாம். கிளப் ஆரம்பிக்கறதும் சுலபம், சில பேர் கையெழுத்து, ஒரு ஆலோசகர், மாணவர்கள் கட்டற ஆக்டிவிட்டி ஃபீஸ்ல இருந்து பணம். நாங்க ஆறு பேர் சேந்து தீபாவளி பண்ணோம், முந்நூறு பேர் வந்தாங்க, அந்த ஊர் மேயர் உட்பட.

பண விஷயத்தை நேரா சொல்றேன். மாநில அரசு காலேஜ்னா குறைஞ்ச ஃபீஸ்ங்கறது அந்த மாநிலத்துக்காரங்களுக்கு. எஃப்-1ங்கற மாணவர் விசாவுல போற உங்களை பெரும்பாலும் வெளி மாநிலக் கணக்குலதான் வெப்பாங்க, எத்தனை வருஷம் இருந்தாலும் பொதுவா மாறாது. மத்திய அரசோட பெல் கிராண்ட் மாதிரி உதவி உங்களுக்கு இல்ல. காலேஜ் கொடுக்கற மெரிட் ஸ்காலர்ஷிப்தான் நம்பிக்கை, அது நாலு வருஷமும் வருமா, எவ்ளோ ஜிபிஏ இருக்கணும்னு எழுத்துல வாங்குங்க. ஃபீஸைத் தவிர டார்ம், மீல் பிளான், ஹெல்த் இன்ஷூரன்ஸ், புஸ்தகம், விமானம் எல்லாம் சேத்து கணக்குப் போடுங்க. கேம்பஸ் உள்ள மட்டும், கிளாஸ் நடக்கற காலத்துல வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் வேலை பாக்கலாம், சின்ன காலேஜ்ல லைப்ரரி, டியூட்டர், லேப் அசிஸ்டன்ட்னு வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆனா அது கைச்செலவுக்குத்தான் ஆகும், ஃபீஸுக்கு ஆகாது, அதை நம்பி கடன் வாங்காதீங்க. செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழ போகக் கூடாது, ஒரு கோர்ஸை டிராப் பண்றதுக்கு முன்னாடி வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல கேக்காம கையெழுத்துப் போடாதீங்க, நல்ல பசங்க கூட இதுல விசா சிக்கல்ல மாட்டியிருக்காங்க. சின்ன இடத்துல இதுக்கு ஒரே ஒரு ஆபீசர்தான் இருப்பாங்க, அவங்க பேரு, கதவு, போன் நம்பர் மூணும் முதல் வாரமே தெரிஞ்சிருக்கணும்.

வீட்ல அப்பாகிட்டயும் ஒண்ணு சொல்லிடுங்க. ஃபெர்பான்னு 1974-ல வந்த சட்டம், காலேஜ் சேந்துட்டா மார்க் விவரம் மாணவருக்குச் சொந்தம், உங்க சம்மதம் இல்லாம அப்பா அம்மாகிட்ட சொல்ல மாட்டாங்க. நான் ஆபீஸ்ல இருந்தப்ப நம்ம ஊர்ல இருந்து எத்தனையோ அப்பாக்கள் ராத்திரி முழிச்சிருந்து போன் பண்ணுவாங்க, பையன் பாஸான்னு மட்டும் சொல்லுங்க சார்னு தமிழ்லயே கெஞ்சுவாங்க, நான் சொல்ல முடியாம வெச்சுடுவேன், அது ரொம்ப கஷ்டமா இருக்கும். நீங்களே வாரம் ஒரு தடவை உக்காந்து உண்மையை சொல்லிடுங்க.

அரசு காலேஜ்ங்கறதால அரசியலும் பட்ஜெட்டும் உள்ள வரும், இதை லேசா எடுத்துக்காதீங்க. ஃப்ளோரிடாவுல நியூ காலேஜ்னு ஒண்ணு, ஆயிரம் பேருக்கும் கீழ படிச்ச, சுதந்திரமான படிப்புக்கு பேர் போன இடம், 2023 ஜனவரியில கவர்னர் ஆறு புது டிரஸ்டிகளை நியமிச்சார், அதே மாசம் பிரசிடென்ட்டை மாத்தினாங்க, கோடைக்குள்ள நிறைய புரொஃபசருங்க போயிட்டாங்க, ஜெண்டர் ஸ்டடீஸ் துறையையே மூட ஓட்டுப் போட்டாங்க. ஆஷ்வில் காலேஜ்ல 2024-ல பணப் பற்றாக்குறையால நாடகம், தத்துவம், மத ஆய்வு, பழங்கால மத்தியதரைக் கடல் ஆய்வுன்னு நாலு துறையை எடுத்துட்டாங்க. ஏற்கனவே சேந்தவங்களை முடிக்க விடுவாங்கதான், ஆனா மூடப்போற துறையில படிக்கறது சாவு வீட்ல சாப்பிடற மாதிரி. பிசிக்ஸ் மாதிரி குறைவா பசங்க சேர்ற துறைக்கு எப்பவும் கத்தி தலைக்கு மேலதான். அதனால உங்க டிபார்ட்மென்ட்ல இப்ப எத்தனை நிரந்தர புரொஃபசர், கடைசி அஞ்சு வருஷத்துல ஓய்வு பெற்றவங்க இடத்துக்கு ஆள் எடுத்தாங்களா, வருஷத்துக்கு எத்தனை பேர் பிசிக்ஸ்ல பட்டம் வாங்கறாங்கன்னு கேளுங்க. கேக்கறது தப்பே இல்ல, அவங்களே மதிப்பாங்க.

வேலைக்கு வருவோம். மாமா சொல்றதுல பாதி சரி. பெரிய கம்பெனிங்க அந்த சின்ன ஊருக்குத் தேடி வராது, கேரியர் ஃபேர்ல அந்தப் பக்கத்து பேங்க், ஸ்கூல், ஆஸ்பத்திரிதான் மேஜை போட்டிருக்கும், காலேஜ் பேரைச் சொன்னா நம்ம ஊர்ல மட்டும் இல்ல, அடுத்த மாநிலத்துலயே தெரியாது. படிச்சு முடிச்சதும் ஓ.பி.டி.ன்னு மாணவர் விசாவுலயே கிடைக்கற வேலை அனுமதியில 12 மாசம் வேலை பாக்கலாம், பிசிக்ஸ் ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு வகையில வர்றதால இன்னும் 24 மாசம் நீட்டிக்க அப்ளை பண்ணலாம், ஆனா வேலையை நீங்கதான் தேடணும், பழைய மாணவர்களுக்கு ஒவ்வொருத்தரா எழுதணும். சின்ன காலேஜ் பழைய மாணவர்கள் பதில் போடுவாங்க, என் அனுபவத்துல பத்துல ஆறு பேர் போட்டாங்க. மேல்படிப்புக்குன்னா மாமா சொல்றது தப்பு. பிஹெச்டிக்கு எடுக்கறவங்க லெட்டரையும் ஆராய்ச்சியையும்தான் பாக்கறாங்க, எங்க அஞ்சு பேர்ல மூணு பேர் நல்ல யூனிவர்சிட்டியில பிஹெச்டி போனாங்க. நீங்க பிசிக்ஸ்லயே மேல போகணும்னு இருந்தா இந்த இடம் உங்களுக்குப் பொருந்தும்னு நான் நம்பறேன். சீக்கிரம் சம்பாதிச்சு கடன் அடைக்கணும்னா, இல்ல கூட்டத்துல ஒருத்தரா அமைதியா இருந்தாத்தான் எனக்குப் படிப்பு வரும்னா, வேற இடம் பாருங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல.

இப்ப செய்ய வேண்டியது, முடிவு சொல்ற தேதிக்கு முன்னாடி பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் தலைவருக்கு நீங்களே ஒரு மெயில் போடுங்க, ஏஜென்ட் மூலமா வேண்டாம். கடைசி ரெண்டு வருஷம், நாலு செமஸ்டர்ல எந்தெந்த பிசிக்ஸ் கோர்ஸ் நடந்துச்சுன்னு லிஸ்ட் கேளுங்க, இப்ப மூணாவது வருஷம் படிக்கற ஒரு பையனோ பொண்ணோ கூட வீடியோ கால்ல பேச முடியுமான்னும் கேளுங்க. எத்தனை நாள்ல, யார் பதில் போடறாங்கன்னு கவனிங்க, எனக்கு அன்னைக்கு புரொஃபசரே ராத்திரி உக்காந்து ரெண்டு பக்கம் எழுதியிருந்தார், நான் அதைப் பாத்துத்தான் கிளம்பினேன். லிஸ்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்க தம்பி, எந்த செமஸ்டர்ல எதை எடுக்கணும்னு நாலு வருஷத்துக்கும் சேந்து உக்காந்து போட்டுப் பாத்துடலாம்.